நடந்ததைக் கேட்பதும் நடப்பதைக் கேட்பதும்

ஒரு செயலியையோ கருவியையோ உருவாக்குகிறவர்கள், அதைப் பயன்படுத்தும் மனிதரோடு உட்கார்ந்து பேசிப் பார்ப்பதைப் பயனர் நேர்காணல் என்கிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எங்கும் ஒரே மாதிரிதான்: குறைவாகப் பேசு, மௌனத்துக்கு இடம் கொடு, ‘ஏன்’ என்று விடாமல் கேள், அவர் மனம் நோகாமல் ஊக்கப்படுத்து. இவை ஒவ்வொன்றும் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நஞ்சு. நேர்காணல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் அடங்கியிருப்பதுதான் இதற்குக் காரணம்.

ஒன்று, ஏற்கெனவே நடந்ததை நினைவிலிருந்து சொல்லவைப்பது. மற்றொன்று, கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்போதே மனதில் ஓடுவதைச் சொல்லவைப்பது. முன்னதில் நம்முன் இருப்பது நினைவு. பின்னதில் நம்முன் இருப்பது செயல். நினைவைத் துலக்கக் கேள்வி வேண்டும். செயலைக் காணக் கேள்வி அடங்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நடத்தப்படும் நேர்காணல், ஒரு மணி நேரம் ஒருவரைப் பேசவைத்தும் வெறும் கருத்துகளோடு முடிகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த அறிவுரை எங்கே செல்லும் என்பது தெளிவாகும்.

ஒரே ஊரின் இரு பள்ளிகள்

இரு முறைகளும் தம் முறையான வடிவத்தைப் பெற்றது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரோடு தொடர்புடையது. முதல் முறைக்கு இலக்கணம் எழுதியவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜான் ஃபிளனகன். 1954இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, முக்கிய நிகழ்வு முறை என்று சொல்லத்தக்க ஒன்றை விவரித்தது. அதன் வேர் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படையில் இருந்தது. விமானப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட ஆயிரம் பேரைப் பற்றிய பயிற்றுநர்களின் அறிக்கைகளை ஆராய்ந்தபோது, பிறவியிலேயே பறக்கும் திறன் இல்லை, குணம் பொருந்தவில்லை, நிதானம் போதாது என்பன போன்ற தேய்ந்த வாசகங்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றை வைத்துக்கொண்டு யாரையும் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த மாணவர் எந்த நாளில், எந்தத் தருணத்தில், என்ன செய்தார் என்று கேட்டால்தான் பயன்படும் தகவல் வரும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

அதே பாடத்தின் மிகச் சிறந்த விளைச்சல் 1947இல் வந்தது. ஓஹியோவின் ரைட் ஃபீல்டு விமானப்படை ஆய்வுக்கூடத்தில் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளிடமிருந்து 460 பிழை அனுபவங்களைத் திரட்டினார்கள். விமானியின் தவறு என்று பெயரிட்டு ஒதுக்கப்படும் வகையைச் சேர்ந்தவை அவை. பிழைகளில் ஏறக்குறைய சரிபாதி ஒரு கைப்பிடிக்குப் பதிலாக இன்னொன்றை இயக்கியதால் நேர்ந்தவை. சக்கரத்தை இறக்கி ஏற்றும் நெம்பும் இறக்கையின் மடிப்பை இயக்கும் நெம்பும் ஒன்றுபோல் தோன்றி, அருகருகே இருந்தது அவற்றில் பலவற்றுக்குக் காரணம். இதற்கு ஒரு விடையை ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் போர்க்காலத்திலேயே கண்டிருந்தார். சக்கர நெம்பின் தலையில் சக்கர வடிவக் குமிழ், மடிப்பு நெம்பின் தலையில் ஆப்பு வடிவக் குமிழ். கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும். இன்றும் பயணிகள் விமானத்தின் சக்கர நெம்பின் முனையில் அந்தச் சிறு சக்கரம் இருக்கிறது.

இரண்டாம் முறையின் இலக்கணமும் அதே நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. பொருளியலுக்கான நோபல் பரிசை 1978இல் பெற்ற ஹெர்பர்ட் சைமனும் ஆண்டர்ஸ் எரிக்சனும் 1980இல் ஒரு கட்டுரையும் 1984இல் ஒரு நூலும் வெளியிட்டார்கள். சிந்திக்கும்போதே வாய்விட்டுப் பேசும் ஒருவரின் சொற்களை ஆதாரமாகக் கொள்ளலாமா என்பது அவர்களின் கேள்வி. கொள்ளலாம், ஆனால் நிபந்தனையோடு என்பது விடை. மனதில் அந்தக் கணம் இருப்பதை அப்படியே சொன்னால், அல்லது படமாகத் தோன்றுவதைச் சொல்லாக்கிச் சொன்னால், சிந்தனை கொஞ்சம் மெதுவாகலாம். அதன் போக்கு மாறாது. தான் செய்வதற்குக் காரணம் சொல்லச் சொன்னாலோ, விளக்கச் சொன்னாலோ, சிந்தனையே வேறு பாதையில் திரும்பிவிடும். கணிப்பொறித் திரைகளைச் சோதிப்பதற்கு இந்த வழியை எடுத்துவந்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ், அது 1982.

ஆக, போர்விமானத்தின் ஓட்டுநர் அறையிலிருந்து ஒரு முறையும் உளவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு முறையும் வந்து இன்றைய பயனர் நேர்காணலில் கலந்திருக்கின்றன. கலந்த வேகத்தில் எது எந்த விதியோடு வந்தது என்பது மறந்துபோயிற்று.

முதல் கேள்வி

நினைவைத் தேடும் நேர்காணலின் தரம் முதல் கேள்வியிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. மின்கட்டணம் கட்டும் ஒரு செயலியைப் பற்றி ஐம்பது வயதுப் பெண் ஒருவரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகக் கற்பித்த உரையாடல்தான். ஆனால் நம்மூரில் இந்த வேலையைச் செய்யும் எவருக்கும் இது பழகிய ஒன்று.

“இந்தச் செயலி உங்களுக்கு வசதியா இருக்காம்மா?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி.”

பேச்சு இங்கேயே முடிந்துவிட்டது. வீடு தேடி வந்தவன் முகம் வாடக் கூடாது என்று நினைக்கிற ஒரு தாய் வேறென்ன சொல்வார்? இதே மனிதரிடம் இப்படித் தொடங்கலாம்:

“கடைசியா கரண்ட் பில் எப்பம்மா கட்டினீங்க?”

“போன மாசம். ஆடி வெள்ளிக்கு முந்தின நாள்.”

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்களேன்.”

“மெசேஜ் வந்துச்சு. பையன் வேலைக்குப் போயிருந்தான். நானே கட்டிரலாம்னு எடுத்தேன். எல்லாம் போட்டு அமுக்கினதும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பணம் போச்சா, போகலையான்னே தெரியல. பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டேன்.”

“அந்தப் பொண்ணு வந்ததும்?”

“பாத்துட்டு, போயிருச்சு பெரியம்மா, இன்னொருவாட்டி கட்டிராதீங்கன்னு சொல்லுச்சு. எனக்கு மனசு ஆறல. பையன் ராத்திரி வந்து பேங்க் மெசேஜைக் காட்டின பிறகுதான் நிம்மதி.”

வசதியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு நல்லாத்தான் இருக்கு என்றவர், இந்தச் செயலியால் ஒரு பகல் முழுவதும் மனம் ஆறாமல் இருந்திருக்கிறார். பணம் போய்ச் சேர்ந்ததற்கு நம்பும்படியான அடையாளம் திரையில் இல்லை என்பது செயலியை வடிவமைத்தவருக்குக் கிடைத்த செய்தி. ஒரு குறிப்பிட்ட நாளைப் பிடித்ததால் அது கிடைத்தது. ஃபிளனகனின் அளவுகோலும் இதுவே: நிகழ்வு அண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும், விவரங்கள் முழுமையாக, துல்லியமாக வர வேண்டும். பதில் பொதுப்படையாக இருந்தால் அந்த நினைவையே நம்புவதற்கில்லை. “வழக்கமா எப்படிப் பண்ணுவீங்க?” என்ற கேள்வி பார்வைக்குத் திறந்த கேள்விதான். அதற்கு வரும் பதிலோ எந்த நாளிலும் நடக்காத ஒரு சராசரி நாளின் வர்ணனை.

நடப்பதைக் கேட்கும் முறையில் முதல் கேள்வி என்றே ஒன்றில்லை. அங்கே தொடக்கம் ஒரு பணியும் ஒரு பயிற்சியும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. அதனால்தான் எரிக்சனும் சைமனும் உண்மையான பணிக்கு முன் சிறு பயிற்சிகளை வைத்தார்கள். இரண்டிலக்க எண்கள் இரண்டை மனதுக்குள் பெருக்கியபடியே பேசச் சொல்வது ஒன்று. பெற்றோர் வீட்டில் எத்தனை சன்னல்கள் என்று எண்ணியபடியே பேசச் சொல்வது இன்னொன்று. சன்னல் கேள்வி நம்மூருக்கும் அப்படியே பொருந்தும். “திண்ணைப் பக்கம் ரெண்டு, அடுப்படியில ஒண்ணு, மாடியில...” என்று ஒருவர் மனதால் வீட்டைச் சுற்றிவரும்போது, இதைத்தான் திரை முன்னாலும் செய்ய வேண்டும் என்பது பாடம் நடத்தாமலே புரிந்துவிடும். நேரமில்லை என்று இந்தச் சில நிமிடங்களை விட்டுவிடுகிறவர்கள், பிறகு அரை மணி நேரம் “பேசுங்க, பேசுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருக்க நேரும்.

பணியைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். திரையில் ‘கட்டணம் செலுத்து’ என்று பொத்தான் இருக்கும்போது, “கட்டணம் செலுத்துங்கள்” என்று பணி கொடுத்தால் சொல்லைத் தேடி அழுத்துவது மட்டுமே சோதிக்கப்படும். “இந்த மாசத்து கரண்ட் பில்லை முடிச்சுருங்கம்மா” என்று வீட்டுப் பேச்சில் சொன்னால்தான், திரையின் சொற்கள் அவருக்கு வழிகாட்டுகின்றனவா என்பது தெரியும்.

மௌனம்

மௌனத்துக்கு இடம் கொடு என்பது இரு முறைகளுக்கும் பொதுவான அறிவுரை போலத் தோன்றும். உண்மையில் இரண்டிலும் மௌனம் வெவ்வேறு பொருள்.

நினைவைத் தேடுகிறவர் பேச்சை நிறுத்தும்போது பெரும்பாலும் உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அடுத்த கேள்வியைப் போட்டால் தேடல் அறுபடும். இதை வேறொரு துறை அளந்து காட்டியிருக்கிறது. அமெரிக்கக் காவலர்கள் சாட்சிகளை விசாரித்த ஒலிப்பதிவுகளை ரொனால்டு ஃபிஷரும் எட்வர்டு கெய்சல்மனும் 1987இல் ஆராய்ந்தார்கள். சாட்சி விவரிக்கத் தொடங்கிச் சராசரியாக 7.5 நொடிகளில் காவலர் குறுக்கிட்டிருந்தார். நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான் காவலர் வந்தார். அதைச் சொல்லவிடாமல் தடுத்ததும் அவரே. குறுக்கிடாமல் இருப்பதை முக்கிய விதிகளில் ஒன்றாகக் கொண்ட விசாரணை முறையை அவ்விருவரும் உருவாக்கினார்கள். பயனர் நேர்காணல் நடத்துகிறவர்கள் தங்கள் ஒலிப்பதிவை எடுத்து இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாம்: எதிரில் இருப்பவர் தொடங்கி எத்தனையாவது நொடியில் என் குரல் கேட்கிறது? இதைவிடக் கறாரான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

பணி செய்துகொண்டிருப்பவரின் மௌனம் வேறு. அவர் மனம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாய்தான் நின்றுவிட்டது. அந்த மௌனத்தை வளரவிட்டால் நமக்கு வேண்டிய ஆதாரமே பதிவாகாமல் போய்விடும். எனவே அங்கே நினைவூட்ட வேண்டும், மிகச் சுருக்கமாக. எரிக்சன், சைமன் காட்டிய வழி, தொடர்ந்து பேசுங்கள் என்ற அளவில் நிற்பது. “என்ன யோசிக்கிறீங்க?” என்று கேட்டால்கூட அவர் நம் பக்கம் திரும்பி, யோசித்ததைத் தொகுத்து நமக்கு அறிக்கை தரத் தொடங்கிவிடுவார். “சொல்லிக்கிட்டே செய்யுங்கம்மா” போதும். ஆய்வாளர் எதிரில் உட்காராமல் பின்புறமாக உட்கார வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் இதற்காகத்தான். முகம் தெரிந்தால் மனிதர் முகத்தோடு பேசுவார். நமக்கு வேண்டியது அவர் திரையோடு பேசும் பேச்சு.

‘ஏன்’ என்ற கேள்வி

இரு முறைகளும் மிகக் கூர்மையாகப் பிரியும் இடம் இது. நடப்பதைக் கேட்கும்போது ‘ஏன்’ கேட்கவே கூடாது. மறுபடியும் அந்த அம்மா. திரையில் சிவப்புப் பொத்தான் ஒன்றை நோக்கி அவர் விரல் போகிறது.

“ஏம்மா அதை அமுக்கப் போறீங்க?”

விரல் பின்வாங்குகிறது. “தப்பா தம்பி? வேற எது?”

அந்த ஒரு நொடியில் சோதனை முடிந்துவிட்டது. இனி அவர் செயலியைப் பயன்படுத்தப் போவதில்லை. கேட்டவரின் முகத்தைப் படித்துப் படித்து நகரப்போகிறார். காரணம் கேட்டால் சிந்தனையின் போக்கு மாறும் என்ற ஆய்வுக்கூட முடிவை நேரில் காண இதைவிட வேறு காட்சி வேண்டியதில்லை. நம்மூரில் வயதில், படிப்பில், பதவியில் ஏற்ற இறக்கம் உள்ள இருவர் உட்கார்ந்திருக்கும்போது ‘ஏன்’ என்பது விசாரணையாகவே காதில் விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவராகவே “இதை அமுக்கவா தம்பி?” என்று கேட்டால்? ஆமாம், இல்லை இரண்டுமே கூடாது. “நான் இங்க இல்லாம நீங்க தனியா இருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதைப் பண்ணுங்கம்மா” என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். அவர் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு உதவாமல் இருப்பது மனதுக்குக் கஷ்டமான வேலைதான். இந்த ஒருவருக்கு இப்போது கைகொடுத்தால், வீட்டில் தனியாகத் திண்டாடும் ஆயிரக்கணக்கானவர்களின் இடர் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நடந்ததைக் கேட்கும் நேர்காணலில் காரணத்தைத் தேடலாம், தேடத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் நேரடியான ‘ஏன்’ நம்பத்தக்க வழி இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சாட்சி. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததை, இடது ஓரத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருந்திருக்குமோ என்று கேட்டபோதும் அநேகமாக எல்லாரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் தேர்வுக்குப் பொருத்தமாகத் தோன்றிய காரணத்தைத் தாங்களே நம்பிச் சொன்னார்கள்.

ஆகவே ‘ஏன்’ என்று கேட்டால் காரணம் கண்டிப்பாகக் கிடைக்கும். அது உண்மைக் காரணமா என்பது கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. இதைத் தாண்டும் வழி, காரணத்தைக் கேட்காமல் அது விட்டுச்சென்ற தடங்களைக் கேட்பது. அப்போது திரையில் என்ன தெரிந்தது? அதற்கு முந்தி என்ன செய்தீர்கள்? வேறு எதையாவது செய்துபார்க்க நினைத்தீர்களா? அந்த நேரம் பக்கத்தில் யார் இருந்தார்கள்? தடங்கள் சேர்ந்தால் காரணம் தானே தெரியும்.

தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் கேரி கிளைன் செய்தது இதுதான். எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் முடிவே எடுப்பதில்லை என்றார்கள். எனவே கடினமான ஒரு தீவிபத்தைத் தேர்ந்தெடுத்து அதன் ஊடாகவே பலமுறை நடந்தார். முதல்முறை கதை மட்டும். இரண்டாம் முறை நேர வரிசையைச் சரிபார்ப்பது. மூன்றாம் முறை ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது என்ன என்று ஆழமாகக் கேட்பது. கடைசியாக, இப்படி இல்லாமல் அப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பது. ராபர்ட்டா கால்டர்வுட், டொனால்டு மெக்கிரெகர் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1989இல் இந்த முறையை வெளியிட்டார். ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வேறொன்றைக் கேட்டால் யாரும் சலித்துக்கொள்வதில்லை. தன் அனுபவத்தை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்றுதான் மகிழ்வார்கள்.

தலையாட்டலும் பாராட்டும்

“சூப்பர்”, “கரெக்ட்”, “வெரி குட்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது பலருக்குப் பழக்கம். நடந்ததைச் சொல்பவரிடம் இது சொல்வதன் திசையை மாற்றும்: எந்தச் செய்திக்குப் பாராட்டு கிடைத்ததோ அந்த வகைச் செய்தியே மேலும் வரும். பணி செய்பவரிடம் இது இன்னும் நேரடியான கெடுதல். சரியாகச் செய்தபோது பாராட்டிவிட்டு அடுத்த முறை வாய்மூடி இருந்தால், அந்த மௌனமே தவறு என்று சொல்லிவிடுகிறது.

அதற்காக மரப்பாவைபோல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. டெட் போரன், ஜூடித் ரேமி என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் இதை எழுதினார்கள். களத்தில் வேலை செய்கிறவர்கள் எரிக்சன், சைமன் விதிகளை அப்படியே பின்பற்றுவதில்லை என்று கண்ட அவர்கள், பேசுகிறவருக்குக் கேட்கிறவர் ஒருவர் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு முறையைத் திருத்தச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான சிறு ஒலி போதும், தீர்ப்பு கூடாது. தமிழில் அந்த ஒலி நம்மிடம் நெடுங்காலமாகவே இருக்கிறது. கதை கேட்கும்போது ‘உம்’ கொட்டுகிறோமே, அதுவே இரு முறைகளுக்கும் பொருந்தும் ஒரே பாராட்டு.

பிழையும் வெட்கமும்

இரு முறைகளும் தேடுவது மனிதர் தடுமாறிய இடத்தை. யாரும் காட்ட விரும்பாததும் அதைத்தான். ஃபிட்ஸும் ஜோன்ஸும் இதைக் கையாண்ட விதம் போற்றத்தக்கது. ஓட்டுநர் அறைக் கருவி ஒன்றை இயக்குவதில் நீங்களோ, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வேறொருவரோ செய்த பிழையை விவரியுங்கள் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். ‘வேறொருவர்’ என்ற அந்த வாசல் திறந்திருந்ததால், தன் பிழையை நண்பரின் பிழையாகச் சொல்லவும் ஒருவருக்கு வழி இருந்தது. யார் செய்தது என்பது ஆய்வுக்குத் தேவையே இல்லை. எந்த நெம்பு எந்த நெம்பாகத் தோன்றியது என்பதுதான் தேவை. நாமும் கேட்கலாம்: “உங்க வீட்ல, அக்கம்பக்கத்துல யாராவது இதுல மாட்டிக்கிட்டதைப் பாத்திருக்கீங்களா?”

செயல் கண்ணெதிரே நடக்கும் முறையில் இந்த ஒதுக்கிடம் கிடையாது. தடுமாறுவது அவர்தான், பார்ப்பது நாம்தான். “உங்களைச் சோதிக்கல, செயலியைத்தான் சோதிக்கிறோம்” என்ற வாசகத்தைத் தொடக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வாசகத்தை நம்பவைப்பது பிறகு நாம் நடந்துகொள்ளும் விதம். அவர் பிழை செய்யும்போது நம் பேனா வேகமாக ஓடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பார்வை பரிமாறக் கூடாது. அந்தச் செயலியை உருவாக்கியவர் அறையில் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், அல்லது அவர் அறையில் இருக்கக் கூடாது. முடிவில் அவர் எழுந்து போகும்போது, “எனக்குத்தான் இதெல்லாம் வராது” என்ற நினைப்போடு போனால், நாம் திரட்டிய தகவல் எவ்வளவு அரியதாக இருந்தாலும் அவருக்கு அநியாயம் செய்திருக்கிறோம்.

எத்தனை பேர், எவ்வளவு நம்பலாம்

எண்ணிக்கையிலும் இரண்டும் வேறு. திரையில் தடுமாறும் இடங்களைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்ற ஜேக்கப் நீல்சனின் வாதம் பரவலாகத் தெரிந்தது. ஒரு சுற்றில் எல்லாவற்றையும் பிடிக்க முயலாமல், சிலரை வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் பார்ப்பது அதன் உள்ளே இருக்கும் அறிவுரை. அனுபவங்களைக் கேட்கும் நேர்காணலுக்கு அந்த ஐந்து பொருந்தாது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் நடத்திய 60 ஆழ்நேர்காணல்களை ஆராய்ந்த கிரெக் கெஸ்ட் குழுவினர், முதல் 12 நேர்காணல்களுக்குள் பெரும்பாலான கருக்கள் வந்துவிட்டதாக 2006இல் எழுதினார்கள். அதுவும் ஓரளவு ஒத்த வாழ்நிலை கொண்டவர்களிடம். வீட்டுக்காரர், வாடகைக்காரர், கடைக்காரர் என்று வாழ்நிலை பிரியும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் தனியே கேட்கத்தான் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் அதனதன் குருட்டுப் பகுதியும் உண்டு. நடப்பதைக் கேட்பது, அரை மணி நேரத்தில், நாம் கொடுத்த பணியில் நடப்பதை மட்டும் காட்டும். பையன் ராத்திரி வந்து வங்கிச் செய்தியைக் காட்டும்வரை நீண்ட அந்தப் பகல் அதில் தெரியாது. பழகிக் கைவந்தவர்கள் செய்வதில் பெரும்பகுதி சொல்லாக வெளிவரவே வராது. நடந்ததைக் கேட்பதோ, நினைவில் தங்கியதை மட்டும் தரும். அன்றாடம் அலுப்பாகச் செய்யும் சிறு சிறு சுற்றுவழிகள் யார் நினைவிலும் தங்குவதில்லை. விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனதை அந்த அம்மா என்றைக்கும் கதையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டையும் ஒரே அமர்வில் வைத்தால்

ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால், ஒரே அமர்வில் இரண்டையும் வைப்பது நல்லது. வரிசை மட்டும் மாறக் கூடாது: நினைவு முதலில், செயல் பிறகு. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் செய்த சோதனை இதற்குக் காரணம் காட்டுகிறது. கார் மோதும் படத்தைப் பார்த்தவர்களிடம், கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று கேட்டதற்கும் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்டதற்கும் வெவ்வேறு வேகம் பதிலாக வந்தது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். கடுமையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேரும் சாதாரணச் சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியின் ஒரு சொல்லுக்கே நினைவு இவ்வளவு வளைந்துகொடுக்கும் என்றால், புதிய திரை ஒன்றைக் காட்டிவிட்டுப் பழைய அனுபவத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும்? திரையில் பார்த்த சொற்களும் படிகளும் போன மாதக் கதைக்குள் நுழைந்துவிடும்.

ஆகவே முதலில் அந்த ஒரு நாளின் கதை, குறுக்கீடு இல்லாமல். பிறகு அதே கதையின் ஊடாக இன்னும் ஒருமுறை, விவரம் தேடி. அதன்பின் சன்னல் பயிற்சி, பணி, உம் கொட்டுதல். பணி முடிந்தபின், அடக்கிவைத்த கேள்விகளுக்கான நேரம். திரைப்பதிவை அவரோடு சேர்ந்து ஓடவிட்டு, சிவப்புப் பொத்தான் வரும் இடத்தில் நிறுத்தி, “இந்த எடத்துல உங்க கண்ணுக்கு என்ன பட்டுச்சும்மா?” என்று கேட்கலாம். நடந்துகொண்டிருந்தது இப்போது நடந்ததாகிவிட்டதால், முதல் முறையின் விதிகளே இங்கே செல்லும்.

அமர்வுக்குப் பின் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும்: கண்ணால் பார்த்தது, அவர் நினைவிலிருந்து சொன்னது, அவர் கருத்தாகச் சொன்னது. மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. பயனர்கள் விரும்புகிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, இந்த மூன்றில் எது என்று கேட்கும் உரிமை எல்லாருக்கும் இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையில்லாத அறிக்கை, பயிற்றுநர்கள் அன்று எழுதிய ‘பறக்கும் திறன் இல்லை’ என்ற வாசகத்துக்கு மேல் எதையும் சொல்வதில்லை. இந்தக் குறிப்பை இடுவதற்கு ஓர் அறிக்கைக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். தன் நேரத்தையும் தன் தடுமாற்றத்தையும் நம்மிடம் நம்பிக் கொடுத்தவருக்கு அந்த அரை மணி நேரத்தை நாம் கடன்பட்டிருக்கிறோம்.